குதிரையின் மேல் இருந்த விரல்

அவர் வெள்ளைக் காய்களை எடுத்தால் முதல் நகர்வு எப்போதும் ஒன்றுதான். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். பிறகு வலப்பக்கக் குதிரை வெளியே வரும். பிறகு இடப்பக்க மந்திரி. எதிரில் நான் என்ன ஆடினாலும் அந்த வரிசை மாறாது. வேறு ஏதாவது ஆடிப் பார்க்கலாமே என்று ஒரு முறை சொன்னேன்.

"வூட்டுக்குப் போறதுக்கு தெனம் ஒரு ரோடா மாத்திகினு இருப்பாங்க சார்?" என்றார்.

நாங்கள் இருவரும் ஆம்பூரில் ஒரே தோல் தொழிற்சாலையில் வேலை செய்தோம். எனக்கு ஏற்றுமதிப் பிரிவு. கப்பலில் போகும் தோலுக்குக் காகிதம் தயாரிப்பது என் வேலை. தோலைத் தொடவே வேண்டியதில்லை. எல்லோரும் பாய் என்று கூப்பிடும் அவர் இருந்தது செலக்‌ஷன் டேபிளில். பதமிட்டு, சாயம் ஏற்றி, பளபளப்புக் கொடுத்து முடித்த தோல்கள் கடைசியாக அந்த மேசைக்குத்தான் வரும். ஒவ்வொன்றாக விரித்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, கையால் தடவி, இது ஏ, இது பி, இது சி என்று பிரிக்க வேண்டும். அவர் பிரித்துக் கொடுத்ததைத்தான் நான் காகிதத்தில் எழுதுவேன். அந்த எழுத்தை நம்பித்தான் வெளிநாட்டில் இருப்பவன் பணம் அனுப்புவான்.

கீறல், உண்ணி கடித்த தழும்பு, சாயத்திட்டு இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரியாத குறை ஒன்று உண்டு. மேற்பரப்பு அடித்தோலோடு இறுக ஒட்டாமல் தளர்ந்திருக்கும். அதை 'லூஸ்' என்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஷூவாகத் தைத்து யாராவது பத்து அடி நடந்தால் சுருக்கம் விழுந்துவிடும். கையால் அழுத்தித் தடவினால்தான் லூஸ் பிடிபடும். அவர் தடவும்போது கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவரோடு பேசிக்கொண்டேகூட இருப்பார். கை மட்டும் தோலின் மேல் மெதுவாகப் போய், ஓரிடத்தில் நிற்கும். நின்றால் அது பி.

சதுரங்கத்திலும் அந்தக் கை அப்படித்தான். யோசிக்கும்போது பலகையின் மேல் உலாவும். சிப்பாயின் தலையைத் தடவும், யானையைச் சுற்றி வரும், மந்திரியைப் பிடித்துவிட்டு விடும். சாப்பாட்டுக் கூடத்தில் நாங்கள் ஆடும்போது அது ஒரு பொருட்டே இல்லை. காயைத் தூக்கி வேறு கட்டத்தில் வைத்துக் கையை எடுத்தால்தான் எங்களுக்கு நகர்வு.

ஒரு மழை நாளில் டீக்காரர் கொண்டு வந்து வைத்த கிளாஸை நான் துண்டால் பிடித்து எடுத்தேன். அவர் வெறுங்கையால் எடுத்தார். எடுத்தவர் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த நகர்வை யோசித்துக்கொண்டிருந்தார்.

"சுடல பாய்?"

அவர் கிளாஸைப் பார்த்தார். கீழே வைத்தார். வலது கையை விரித்துக் காட்டினார். நடுவிரலும் மோதிர விரலும் நுனியில் சிவந்திருந்தன.

"இந்த ரெண்டும் மரத்துப் போச்சி சார். சுகர்னால. வேலூர் போய் காட்டினேன். நரம்பு செத்துட்டா திரும்பாதாம். மத்த வெரலுக்குப் போகாம பாத்துக்கணுமாம்."

"டேபிள்ல எப்படி சமாளிக்கிறீங்க?"

"கட்டை வெரல், ஆள்காட்டி வெரல் நல்லாதான் இருக்கு. ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா பாக்கறேன். எடது கையும் பழகிகினு இருக்கேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லாதீங்க. செலக்‌ஷன்ல கை போச்சின்னு ஒரு தபா பேரு வந்திடுச்சின்னா, ஆம்பூர் இல்ல, வாணியம்பாடி, பேரணாம்பட்டு, எங்கயும் எவனும் கூப்ட மாட்டான். வேற வேலை எனக்கு இன்னா தெரியும் சொல்லுங்க?"

சொல்ல மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து அவர் மேசையைக் கடக்கும்போதெல்லாம் என் பார்வை அவர் வலது கைக்குத்தான் போகும். பெரும்பாலும் இடது கைதான் தோலின் மேல் இருக்கும்.

அந்த ஆண்டு சுற்று வட்டாரத் தொழிற்சாலைகள் சேர்ந்து பணியாளர்களுக்கு விளையாட்டுப் போட்டிகள் வைத்தன. கிரிக்கெட், கேரம், சதுரங்கம். சதுரங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணவறை மேடையில் கோப்பைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பந்தி நடக்கும் நீள மேசைகளில் பலகைகள். நடுவராகப் பள்ளியிலிருந்து ஒரு பி.டி. மாஸ்டர் வந்திருந்தார். தொடங்குவதற்கு முன் விதிகளைப் படித்தார். காயைத் தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும். காயை நேராக வைக்க வேண்டுமானால் முதலில் எதிராளியிடம் சொல்லிவிட்டுத் தொட வேண்டும்.

மண்டபத்துக்குள் நுழையும்போதே நான் அவரிடம் சொல்லியிருந்தேன், "பாய், கைய மடியிலயே வச்சிக்கோங்க. இங்க சாப்பாட்டு ரூம் மாதிரி கிடையாது."

"தெரியும் சார், தெரியும். பாக்கெட்ல போட்டு பூட்டிக்கறேன்."

அப்படியே செய்தார். முதல் ஆட்டங்களில் தூரத்திலிருந்து பார்த்தேன். வலது கை ஜிப்பா பாக்கெட்டுக்குள் இருந்தது. நகர்வை முடிவு செய்த பிறகுதான் வெளியே வரும். வந்து, காயை எடுத்து வைத்து, கடிகாரத்தை அழுத்தி, மறுபடி உள்ளே போய்விடும். ஜெயித்துக்கொண்டே வந்தார். நானும் ஜெயித்தேன். கடைசிச் சுற்றில் இருவர் பெயரும் ஒரே மேசைக்கு வந்தன. அவருக்கு வெள்ளை, எனக்குக் கருப்பு.

"மண்டபம் வரைக்கும் ஜிப்பா போட்டுகினு வந்து சாப்பாட்டு ரூம் ஆட்டமே ஆடணுமா?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். நானும் அதற்கு நேரெதிரே என் சிப்பாயை நிறுத்தினேன். அவர் குதிரையை வெளியே கொண்டுவந்தார், பிறகு மந்திரியை. வழக்கமான ரோடு.

என்னோடு ஆடுகிறார் என்பதாலோ என்னவோ, அந்த ஆட்டத்தில் அவர் கை பாக்கெட்டுக்குள் போகவில்லை. எனக்கு அது முதலில் உறைக்கவில்லை. தினமும் பார்க்கும் கை அது.

ஆட்டம் பாதியைத் தாண்டும்வரை சமமாகவே போனது. இருவரும் கோட்டை கட்டியிருந்தோம். நான் என் மந்திரியைக் கொண்டுபோய் அவருடைய குதிரைக்கு எதிரே நிறுத்தினேன். குதிரைக்குப் பின்னால், அதே சாய்வுக் கோட்டில், அவருடைய ராணி. குதிரை நகர்ந்தால் ராணி போய்விடும். அபாயமான இடம் என்று சொல்ல முடியாது. குதிரையை அசைக்காமல், ஓரத்துச் சிப்பாயைத் தள்ளி என் மந்திரியை விரட்டலாம். இல்லையென்றால் தன் மந்திரியை நடுவில் கொண்டுவந்து ராணிக்கு மறைப்பாக வைக்கலாம். இரண்டையும் சாப்பாட்டுக் கூடத்தில் பல முறை செய்திருக்கிறார்.

நான் என் நகர்வைத் தாளில் எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அவருடைய மோதிர விரல் குதிரையின் தலைமேல் இருந்தது.

உரசிப் போகவில்லை. அங்கேயே தங்கியிருந்தது. அவர் பார்வை பலகையின் இடது மூலையில் இருந்தது. நெற்றியைச் சுருக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். மற்ற ஆட்டங்கள் முடிந்துவிட்டதால் எங்கள் மேசையைச் சுற்றிக் கூட்டம் நின்றது. நடுவர் என் தோளுக்குப் பின்னால் இருந்தார். அவர் பின்னால் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். பரிசு கொடுக்க அழைத்திருந்தார்கள்.

விரல் குதிரையிலிருந்து எழுந்தது. கை வலப்பக்கம் போய் ஓரத்துச் சிப்பாயை எடுக்கப் போனது.

"சார், ஒரு நிமிஷம்," என்றார் நடுவர். "குதிரைய தொட்டுட்டீங்க. அதைத்தான் ஆடணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாரு, நானா?"

"ஆமாங்க."

"நான் எதையும் தொடலியே சார். யோசிச்சிகினுதான இருந்தேன்."

"தெரியாம கை பட்டிருந்தா நான் வாயே தொறக்க மாட்டேன். வெரல் அது மேலயே இருந்துச்சி."

"இல்ல சார். சத்தியமா தொடல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வாணியம்பாடித் தொழிற்சாலையிலிருந்து வந்த ஒருவர், "தோலைத் தடவற மாதிரி தடவிட்டு தொடலன்றாருப்பா," என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சமும் பயம் இல்லை. உண்மை பேசுபவர் சாட்சியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சார், நீங்க சொல்லுங்க. தொட்டேனா?"

"இருந்துச்சி பாய்," என்றேன். "வெரல் குதிரை மேலதான் இருந்துச்சி."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். பலகையின் மேல் இன்னும் நீட்டியபடியே இருந்தது அது. மெதுவாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். இடது கையால் அந்த இரண்டு விரல் நுனிகளையும் பிடித்தார். என்ன நடந்தது என்று அவருக்கும் எனக்கும் மட்டும் புரிந்தது.

மேனேஜர் குனிந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, விளையாட்டாகத்தான் கேட்டார். "இன்னா பாய் இது. இத்தினி பேர் பாத்துகினு இருக்கோம். ஒரு பொருளைத் தொட்டது கூடவா உங்களுக்குத் தெரியாது?"

மண்டபத்தில் மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. செலக்‌ஷன் டேபிளில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் வேலை செய்த மனிதரிடம் அவருடைய மேனேஜர் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே மோசமானது அதுதான். மேனேஜருக்கு அது தெரியாது.

பாய் உடனே பதில் சொன்னார். "தெரியும் சார். தொட்டேன். ராணி போயிடும்னு பொய் சொன்னேன்."

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் அவர் கால் என் காலை அழுத்தியது.

நடுவர் தலையை ஆட்டிவிட்டு, "சரி, ஆடுங்க," என்றார். பாய் குதிரையை எடுத்து முன்னால் வைத்தார். என் மந்திரியின் வழி திறந்தது. நான் ராணியை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "ட்ரா பண்ணிக்கலாமா பாய்?" என்றேன்.

"ஆடுங்க சார். ராணியை வுட்டுட்டு ட்ரா குடுத்தா, ரெண்டு பேரும் பேசி வச்சிகினு ஆடறோம்னுவாங்க. எனக்கு ஒரு பேரு போதும் இன்னிக்கு."

ராணியை எடுத்தேன். அவர் யானையால் என் மந்திரியை எடுத்தார். அதன் பிறகு அவர் எல்லாவற்றையும் இடது கையால் ஆடினார். வலது கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது. ராணி இல்லாமல் கொஞ்ச தூரம் சமாளித்தார், நன்றாகவே சமாளித்தார். பிறகு ராஜாவைச் சாய்த்துவிட்டு எழுந்தார். நான் கை நீட்டினேன். அவரும் நீட்டினார். அந்தக் கைகுலுக்கலில் எவ்வளவு அவருக்குத் தெரிந்திருக்கும் என்று யோசித்தபடியே நின்றேன்.

பரிசு கொடுக்கும்போது மேனேஜர் மைக்கில், எங்கள் தொழிற்சாலைக்காரர்கள் ஆட்டத்தில் தப்புச் செய்தாலும் கடைசியில் உண்மையை ஒத்துக்கொள்வார்கள் என்றார். கை தட்டினார்கள். பாயும் தட்டினார். ஜெயித்ததற்காக எனக்குக் கிடைத்த கோப்பையை ஒரு செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பேருந்து நிலையத்துக்கு நடந்துபோகும்போது கேட்டேன்.

"ஏன் பாய் அப்படிச் சொன்னீங்க? தெரியலன்னே நின்னிருக்கலாமே."

"நின்னா அடுத்த கேள்வி இன்னா கேப்பாரு? அந்த ஆளு தோல்லயே பொறந்தவரு. நாளைக்கு காலையில கண்ணைக் கட்டி ரெண்டு தோலைக் கையில குடுத்து, எது லூஸ்னு சொல்லுன்னுவாரு." ஒரு லாரி போக வழி விட்டு நின்றார். "பொய் சொன்னான்னா நாலு நாள் சிரிப்பாங்க. மறந்துடுவாங்க."

நாலு நாள் இல்லை, அதற்கும் அதிகமாகவே சிரித்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவர், "பாய், டிபன் பாக்ஸைத் தொட்டுட்டீங்க. இனிமே தொறந்துதான் ஆகணும்," என்பார். டீ எடுக்கப் போனால், "பாத்து பாய், தொட்டா குடிக்கணும்." பாயும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போய்விட்டு வரும்போது ஒருவர், "அங்க போயாவது சத்தியமெல்லாம் பாத்து வச்சீங்களா பாய்," என்று கேட்டார். அதற்கு அவர் சிரிக்கவில்லை. நாங்கள் இடைவேளையில் ஆடுவது தானாக நின்றுபோனது. இருவரில் யாரும் பலகையை எடுத்துவரவில்லை.

சிரிப்பு கிட்டத்தட்ட அடங்கிய பிறகு ஒரு சரக்குத் திரும்பி வந்தது. பாய் ஏ என்று பிரித்து, வெளிநாட்டுக்கு அனுப்பிய தோல். ஷூ தைக்கும் இடத்தில் பெட்டியைத் திறந்தபோது பாதிக்குப் பாதி லூஸ். போட்டோக்களோடு கடிதம் வந்தது. காகிதம் என் கை வழியாகப் போனது என்பதால் கோப்போடு என்னை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். பாய் எனக்கு முன்னாலேயே அங்கே நின்றுகொண்டிருந்தார். மேசையில் அந்தத் தோலில் ஒன்றை விரித்திருந்தார்கள்.

"இத ஏ-ல போட்டது நீங்கதான?" மேனேஜர் குரலை உயர்த்தவில்லை.

"நான்தான் சார்."

"கொழந்தை கூட கண்டுபுடிக்கும் பாய் இந்த லூஸ. இது பேரணாம்பட்டு பார்ட்டி குடுத்த தோலு. ஏ-ல போனா அவருக்கு வெலை கூட. அவரு உங்களுக்குச் சொந்தம்னு சொல்றாங்களே?"

"தூரத்து சொந்தம் சார். அதுக்காக நான் செய்யல." பாய் வலது கையை மேசைமேல் வைத்தார், உள்ளங்கை மேலே தெரியும்படி. "கை தெரியல சார். இந்த ரெண்டு வெரலும் மரத்துப் போயி ரொம்ப நாளாச்சி. இப்ப பக்கத்து வெரலும் போவுது. அதான் தப்பிடுச்சி."

மேனேஜர் அந்தக் கையைப் பார்த்தார். கையைப் பார்த்து என்ன தெரியும்? மற்றவர்கள் கை போலத்தான் இருந்தது.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"அப்போ அன்னிக்கு மண்டபத்துல? நான் நேராவே கேட்டேனே பாய், தொட்டது தெரியாதான்னு. தெரியும், பொய்தான் சொன்னேன்னு எல்லார் எதிர்லயும் சொன்னீங்களே."

"அதுதான் சார் பொய்," என்றார் பாய்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு நான் பேசினேன். சூடான கிளாஸைப் பற்றிச் சொன்னேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதைச் சொன்னேன். மண்டபத்தில் அவர் உண்மையிலேயே தொட்டது தெரியாமல்தான் சத்தியம் செய்தார் என்றேன். ஆஸ்பத்திரிச் சீட்டு வீட்டில் இருக்கும், கொண்டுவரச் சொல்லலாம் என்றேன். இவ்வளவு தொடர்ந்து நான் அந்த அறையில் என்றும் பேசியதில்லை.

"சார், நீங்க அவரு தோஸ்து," என்றார் மேனேஜர். "நீங்க வேற இன்னா சொல்வீங்க. சீட்டு கொண்டு வரட்டும், சுகர் இருக்கும். இந்த ஊர்ல யாருக்கு இல்ல? நீங்க சொல்றது அத்தனையும் நெஜம்னே வச்சிக்கோங்க. அப்போ தெரியாத கைய வச்சிகினு ரெண்டு வருஷமா எனக்கு தோல் பிரிச்சிக் குடுத்திருக்காரு. பொய்னு வச்சிக்கோங்க, சொந்தக்காரனுக்கு வுட்டுக் குடுத்திருக்காரு. நான் எதை மேல எழுதி அனுப்பறது? நீங்களே சொல்லுங்க."

பாய் முந்திக்கொண்டார். "மொதல்ல சொன்னத எழுதுங்க சார். கை போச்சின்னு."

"அதை நம்பணுமே பாய்," என்றார் மேனேஜர், வருத்தமாகவேதான்.

அவர் கடைசியில் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கடிதம் என் பிரிவுக்கு வரவில்லை. மறுநாளிலிருந்து செலக்‌ஷன் டேபிளில் ராணிப்பேட்டையிலிருந்து வந்த ஒருவர் நின்றார். கூடத்தில் இரண்டு விதமாகவும் பேசிக்கொண்டார்கள். சொந்தக்காரனுக்குச் செய்தார் என்று சொன்னவர்கள்தான் ஜாஸ்தி. கை மரத்துப்போன கதையை அவர் பிற்பாடு கண்டுபிடித்தார் என்றார்கள். மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் அவர் தொடவில்லை என்று சத்தியம் செய்தாரே, அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவரே பொய் என்று ஒத்துக்கொண்டாரே என்று அவர்கள் சொன்னார்கள்.

கணக்கு முடிக்க பாய் வந்த அன்று பேருந்து நிறுத்தம் வரை கூடப் போனேன். பேரணாம்பட்டு பேருந்து தாமதமாக வந்தது. அவர் மச்சானுக்கு அங்கே ஒரு செருப்புக் கடை இருக்கிறது. அங்கே உட்காரப் போவதாகச் சொன்னார்.

"சார், ஒண்ணு கேக்கணும்," என்றார். "அன்னிக்கு அந்த குதிரை மேல, நெஜமா எவ்ளோ நேரம் இருந்துச்சி வெரலு?"

"கொஞ்ச நேரம்தான் பாய்."

"கொஞ்ச நேரம்னா?"

நான் நகர்வை எழுதி முடித்துத் தலையைத் தூக்கினேன், அப்போதே இருந்தது என்றேன். பிறகு நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் இருந்தது. எடுத்துவிடுவீர்கள் என்று நினைத்தேன் என்றேன்.

"அவ்ளோ நேரமா?"

பேருந்து வந்தது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வண்டி கிளம்பும்வரை என்னைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த கையின் விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.